கோச்சின் காது

ஜூன் 4
மல்யுத்தக் கிளப் பெண்களின் ஜெர்சிகள் இன்னும் என் வீட்டுக்குத்தான் வருகின்றன. துவைக்கிற ஆள் மாறவில்லை. கோச்தான் மாற வேண்டும். கோச்சாக இருந்த என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறதே.

மகள் அந்த வேலையைக் கேட்டிருக்கிறாள். சின்ன வயதிலிருந்து அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தவள். ஆனால் மூச்சிரைப்பு. ஒரு நாளும் மல்லுக்கு நின்றதில்லை.

ஜூன் 6
கிளப் செயலாளர் வந்தார். டீ கொடுத்தேன். "தப்பா நெனைக்காதீங்கக்கா. நீச்சல் தெரியாதவங்க நீச்சல் சொல்லிக் குடுக்க முடியுமா? அடிபட்டு வீங்கின அண்ணன் காதைப் பாத்தாலே தெரியுமே, எத்தனை குஸ்தி போட்டவர்னு!"

எனக்குச் சிரிப்பு. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். அழுகிறேன் என்று நினைத்து, பாவம், டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஓடினார்.

ஜூன் 7
சொல்லவா, வேண்டாமா?

அந்தக் காது குஸ்தியில் வீங்கியதா? என் முழங்கை செய்த வேலை அது. மனுஷன் ஒரு போட்டிக்கும் இறங்கியதில்லை. முன்னே வேறொரு கிளப்பில் கூட்டிப் பெருக்கப் போனவர், பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டார். எந்தப் பிடியாக இருந்தாலும் முதலில் என்மேல்தான் போட்டுப் பார்ப்பார். அடுப்பில் பால் பொங்கும். "ஏய், கொஞ்சம் வந்து இடுப்பைப் பிடி" என்பார். நான் மட்டும் சும்மா விடுவேனா? ஒருநாள் உதறிய உதறலில் காது வீங்கி, கசக்கிய துணி மாதிரி அப்படியே நின்றுவிட்டது. அந்தக் காதோடுதான் இந்தக் கிளப்புக்கு வேலை கேட்டுப் போனார்; முதல் நாளே தனி மரியாதை. பெரிய பயில்வான் என்று அவர்களாகவே முடிவு கட்டிக்கொண்டார்கள். இவர் வாயைத் திறந்து பொய் சொல்லவில்லை. வாயையே திறக்கவில்லை.

சொன்னால் மகளுக்கு வழி பிறக்கும். அவர் பெயர் என்ன ஆகும்? செத்த மனுஷன் எழுந்து வந்து பதில் சொல்வாரா?

ஜூன் 9
அவர் படத்துக்கு முன்னால் நின்று கேட்டேன். "என்னய்யா பண்ணட்டும்?"

வழக்கம்போல் வாயைத் திறக்கவில்லை.

ஜூன் 10
சொல்லிவிட்டேன். கிளப்பில், எல்லார் முன்னாலும்.

"விளையாடாதீங்கக்கா" என்றார் செயலாளர்.

போன வருஷம் மெடல் வாங்கிய பெண் எழுந்தாள். "அப்ப அவரோட அந்தக் கிடுக்கிப்பிடி?"

"அது எங்க அடுப்பங்கரையில பொறந்ததுடி."

ஒருத்தி 'களுக்'கென்று சிரித்தாள். அவ்வளவுதான், மொத்தக் கூட்டமும் சிரித்தது. செயலாளர் தலையைச் சொறிந்தார். "அப்படிப் பாத்தா மல்லுக்கு நின்னது நீங்கதான். நீங்களே கோச்சா வந்துடுங்க."

"எனக்குக் கோவம் வந்தா யாருக்கும் காது மிஞ்சாது. என் பொண்ணையே வச்சுக்குங்க."

"சரி, அடுத்த போட்டி வரைக்கும் பாப்போம்" என்றார்.

மகள் எனக்கு முன்னாலேயே நடந்து வீட்டுக்கு வந்தாள். அவளுக்கும் இன்றுதான் தெரியும். வாசலில் செருப்பைக் கழற்றும்போது, "அப்பா தோத்ததே இல்லன்னு நெனச்சிருந்தேன்மா" என்றாள்.

"தோக்கலடி. என்கிட்ட மட்டுந்தான்."

ஜூன் 11
இன்று முழுக்க அழுகை. வேறென்ன எழுத.

ஜூலை 20
போட்டியில் ரெண்டு பெண்கள் ஜெயித்தார்கள், மூன்று பேர் தோற்றார்கள். தோற்ற மூவருக்கும் எங்கே கால் தவறியது என்று மகள் சாப்பாட்டு மேசையில் கரண்டிகளை வைத்து எனக்கு விளக்கினாள். சாப்பிட விடவில்லை.

ஆகஸ்ட் 2
ஒருத்தர் தன் மகளைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தார். கிளப்பில் சேர்க்கணுமாம். "கோச் இருக்காங்களா?" உள்ளே மகள் குளிக்கிற சத்தம்.

இப்படிக் கேட்டு வந்தவர்களை எல்லாம், அவர் இல்லை என்று சொல்லித்தான் இத்தனை மாதமும் திருப்பி அனுப்பினேன்.

"குளிக்கிறாங்க. உக்காருங்க, இப்ப வந்துடுவாங்க" என்றேன்.