ஒரு நம்பர், ஒரு ஆள்

5 ஆகஸ்ட் 2024, திங்கள்
இன்றும் இணையவில்லை. எங்கள் ஆஸ்பத்திரி ரிக்கார்டு ரூமில் உள்ள டேட்டாபேஸ் ஒரு கம்பெனியுடையது, பெங்களூர் அறக்கட்டளையின் சர்வரில் இருப்பது வேறொன்று. இரண்டும் பேசிக்கொள்ள ஒரே நெறிமுறை வேண்டும் — யார் முதலில் கேட்பது, எப்படிப் பூட்டி அனுப்புவது என்று. எங்களுடையது பழையது. அவர்களுடையது பழையதோடு பேச மாட்டேன் என்கிறது. சாயங்காலம் வரை 'இணைப்பு மறுக்கப்பட்டது' என்ற ஒரே வரிதான்.

சுரங்கத்தூசி நுரையீரலில் படிந்தவர்களுக்கு, வீட்டில் வைத்துக்கொள்ள அந்த அறக்கட்டளை ஆக்ஸிஜன் மெஷின் தருகிறது. மொத்தம் நாற்பதுதான். எங்கள் பதிவுகளை அவர்கள் சர்வர் நேரடியாகப் படித்தால்தான் பட்டியல் போடுமாம், பேப்பர் செல்லாது. அப்பா இப்போதெல்லாம் படுத்துத் தூங்குவதில்லை. சுவரில் சாய்ந்தபடியே உட்கார்ந்திருக்கிறார்.

9 ஆகஸ்ட்
மறுக்கப்பட்டது.

20 ஆகஸ்ட்
அறக்கட்டளையின் கம்ப்யூட்டர் ஆள் விநாயக்கிடம் போனில் கத்திவிட்டேன். பழைய முறைக்குக் கதவைத் திறந்தால் திருடன் வந்துவிடுவானாம். இங்கே என்ன இருக்கிறது திருட? எக்ஸ்ரே நம்பர்களா? அப்புறம் அவரே வழி சொன்னார்: நடுவில் ஒரு கம்ப்யூட்டர், இந்தப் பக்கம் பழைய முறை, அந்தப் பக்கம் புது முறை. நல்ல மனுஷன்தான். அதை முதலிலேயே சொல்லித் தொலைத்திருக்கலாம்.

3 செப்டம்பர்
இணைந்துவிட்டது. 2,316 பேர் போக வேண்டும், 1,904 பேர்தான் போயிருக்கிறார்கள். அப்பா இல்லை.

4 செப்டம்பர்
தப்பு என்னுடையது. ஆளை அடையாளம் காண, சுரங்கத்தில் வேலைக்குச் சேரும்போது கொடுத்த டோக்கன் நம்பரை வைத்தவள் நான். ஒரு நம்பர், ஒரு ஆள். சுரங்க ஊரான இந்த ஊரிகத்தில் பிறந்து வளர்ந்தவளுக்கு இதுகூடவா தெரியாது? தாத்தா வேலையை விட்டதும் அவர் டோக்கனையே அப்பாவுக்குக் கொடுத்தார்கள். எங்கள் குடியிருப்பு லைன் முழுக்கப் பல வீட்டில் அப்படித்தான். அதைப் பெருமையாகச் சொல்லக் கேட்டே வளர்ந்ததால், அந்த நம்பரைவிட உறுதியான அடையாளம் உண்டென்று எனக்குத் தோன்றவே இல்லை. அதே நம்பர் இரண்டாவது முறை வந்ததும் சர்வர் தள்ளிவிட்டது. தாத்தா உள்ளே, அப்பா வெளியே. பெங்களூர்க்காரன் என்றால் அவன்பாட்டுக்கு ஒரு வரிசை எண் போட்டிருப்பான்.

சரிசெய்ய அரை நாள் போதும். ஆனால் மறுபடி ஏற்ற அவர்கள் கமிட்டி ஒப்புக்கொள்ள வேண்டும். அடுத்த மாதம்தான் கூடுமாம்.

அப்பாவிடம் சொன்னேன். மூச்சு வாங்கி வாங்கிப் பேசினார். "ஷாஃப்ட்ல நம்பரச் சொன்னாதான் நானே திரும்பிப் பாப்பேன். நீ இன்னாம்மா பண்ணுவ?"

திட்டியிருந்தால் தேவலை.

29 செப்டம்பர்
மழை. அப்பா பேசுவதை விட்டுவிட்டார். பேச மூச்சு போதவில்லை. தண்ணீர் வேண்டுமென்றாலும் கையைத்தான் காட்டுகிறார். ஒரு மாதம் தாங்குவாரா? யாரைக் கேட்பது?

10 அக்டோபர்
எல்லோரும் போய்விட்டார்கள், 2,316. பட்டியலில் அப்பா முப்பத்தெட்டாவது. மெஷின் வர இன்னும் நாலு வாரமாம்.

22 அக்டோபர்
அப்பா போய்விட்டார். காலை ஏழரை மணி.

4 நவம்பர்
இன்று வேலைக்குப் போனேன். விநாயக் போனில் துக்கம் விசாரித்தார். மெஷின்கள் வியாழக்கிழமை வருகின்றனவாம். அப்பாவுடையதை எதிர்வீட்டுக் காத்தவராயன் மாமாவுக்குக் கொடுங்கள் என்றேன். மாமா நாற்பத்தொன்றாவது. விநாயக் விதியைச் சொன்னார்.

"இங்க கையால மாத்த முடியாது மேடம். உங்க பக்கம் அந்த ரெக்கார்ட் போனாத்தான் அடுத்தவர் மேல வருவார்."

மதியம் வரை சும்மா உட்கார்ந்திருந்தேன். பிறகு அப்பாவின் பதிவை அழித்தேன். நிச்சயமாகவா என்று கேட்டது. ஆம் என்றேன். இரண்டே நொடியில் பெங்களூரிலும் அப்பா இல்லை. இணைப்பு நன்றாக வேலை செய்கிறது.