இடது கை எழுத்து

ஜூன் 16, திங்கள்

பள்ளி திறந்து இரண்டு வாரம்தான் ஆகிறது. என் வகுப்பில் நான்கு வயதுப் பிள்ளைகள் இருபத்தேழு பேர். இப்போதே அவர்கள் தினம் ஒரு பக்கம் ‘அ’ எழுதியிருக்க வேண்டுமாம். பென்சிலைப் பிடிக்கவே விரலில் பலமில்லை. மாவு பிசைய, தாள் கிழித்து ஒட்ட, பாசிமணி கோக்க ஒரு மாதம் கேட்டேன். கரஸ்பாண்டென்ட் சார் சிரித்தார். “மாவு பிசையவா டீச்சர் பிள்ளைய இங்கன அனுப்புதாவ?”

ஜூன் 20

கேட்காமலே நேற்று பாசியும் நூலும் கொடுத்தேன். இன்று ஆமிரின் உம்மா தஸ்மியா வந்து நின்றாள். வீட்டில் பீடி சுற்றுகிறவள். “நான் நூலும் இலையுமாக் கெடக்குதது போதும் டீச்சர். அவன் கையில நூலக் குடுக்காதீங்க. எழுதப் படிக்கட்டும்.”

கோபம்கூட வரவில்லை. அவள் சொன்னதில் என்ன தப்பு?

ஜூன் 23

விஷயம் சாருக்குப் போய்விட்டது. பாசி டப்பாவை வாங்கித் தன் பீரோவில் வைத்துப் பூட்டினார். என் ஒரிஜினல் சர்டிபிகேட்டுகளும் அதே பீரோவில்தான்.

ஜூலை 2

செய்துவிட்டேன். ஆமிர் அழுதுகொண்டே விட்டுவைத்த பக்கத்தை நானே நிரப்பினேன். வலது கையென்றால் அழகாக வந்துவிடுமே — இடது கையால். கோணல்மாணலாக, பிள்ளை எழுத்து மாதிரியே வந்தது. சார் ‘குட்’ போட்டார். சீ.

ஜூலை 8

தேரோட்டம், லீவு. ரதவீதிக் கூட்டத்தின் சத்தம் வீடு வரை கேட்கிறது. நான் இருபத்தேழு நோட்டோடு உட்கார்ந்திருக்கிறேன். ஒன்றில் ஆரம்பித்தது எல்லாவற்றிலும் வந்து நிற்கிறது.

அக்கா போனில், “ஏட்டி முத்துராணி, அந்த வேலைய விட்டுத் தொலையேன்” என்றாள். விடலாம். வருஷம் முடியாமல் சர்டிபிகேட்டைத் தரமாட்டாரே. அது இல்லாமல் வேறு எந்தப் பள்ளியில் சேர்ப்பார்கள்?

ஜூலை 18, வெள்ளி

பெற்றோர் கூட்டம். நோட்டுகளைப் பார்த்து எல்லோருக்கும் பூரிப்பு. தஸ்மியா மட்டும் ஆமிரின் நோட்டைப் பார்த்துவிட்டுப் பக்கத்து நோட்டைத் திருப்பினாள். அதற்கடுத்ததையும். எல்லோரும் போன பிறகு பைய வந்தாள்.

“நாலு பேரு சுத்துன பீடியக் கலந்து போட்டாலும் எது யாரு கட்டுனதுன்னு சொல்லிருவேன் டீச்சர். இது பூரா ஒரே கை.”

பொய் சொல்ல வாய் வரவில்லை. ஆமாம் என்றேன்.

“அப்ப எம் புள்ளைக்கு எழுத வராதா?”

“வரும். விரலுக்குப் பலம் வரணும். அதுக்குத்தான் பாசியக் குடுத்தேன்.”

தன் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கிளம்பிப் போனாள். சாரிடம்தான் போகிறாளோ?

ஜூலை 21

போகவில்லை. காலையில் வாசலில் வைத்துச் சொன்னாள்: “வீட்டுல பாசி கோக்குதான். வெறும் பக்கமாக் கெடந்தாலும் சரி, அவன் நோட்டுல நீங்க எழுதாண்டாம்.”

ஜூலை 30

ஆமிரின் வெள்ளைப் பக்கங்களுக்கு இன்றும் சாரிடம் திட்டு. வாங்கிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 14

ஆமிர் ஒரு ‘அ’ எழுதிவிட்டான். கீழ்க்கோட்டைத் தாண்டி அடுத்த வரியில் கிடக்கிறது. அழுத்தியதில் தாள் கிழிந்திருக்கிறது. அவனே எழுதியது. பாத்ரூமில் போய் அழுதேன்.

மற்ற இருபத்தாறு நோட்டையும் சாயங்காலம் முடித்தேன். என் இடது கை இப்போது நன்றாக எழுதுகிறது. அதைக் கோணலாக்கத்தான் மெனக்கெட வேண்டியிருக்கிறது.