மூடி திறக்கும் முன்

அன்புள்ள அம்மாவுக்கு ஸ்தோத்திரம். முழங்கால் வலி குறைந்ததா? நான் சுகமாக இருக்கிறேன்.

நேற்று கட்டட வேலையில் எங்கள் மதியச் சாப்பாடு சாயங்காலம்தான் வந்தது. என்ஜினீயர்களுக்கு மட்டும் நேரத்துக்குப் போய்விட்டது. வயிறு அவர்களுக்குத்தான் உண்டு போல. பயப்படாதீர்கள், சாப்பிட்டுவிட்டேன்.

டப்பா கைக்கு வந்ததும், திறக்காமலே கண்ணை மூடினேன். சின்ன வயதில், என்ன சமைத்திருக்கிறீர்கள் என்று பார்த்துவிட்டால் நான் ஆமென் சொல்ல மாட்டேன் என்று, ஜெபம் முடியும்வரை சட்டியை மூடியே வைப்பீர்களே, அந்தப் பழக்கம்தான்.

பக்கத்தில் இருந்த வெல்டர் அண்ணன் சிரித்தார். "உள்ளே என்னன்னே தெரியாம எதுக்குடா நன்றி?"

"தெரிஞ்சா வராதுண்ணே."

திறந்தால், வீட்டில் நான் தொடாத கத்திரிக்காய்! வழித்துச் சாப்பிட்டேன். நன்றி கர்த்தருக்கும் சமைத்தவருக்கும்தான். எங்களைப் பட்டினி போட்ட கம்பெனிக்கு இல்லை.

நீங்கள் கத்திரிக்காயை எப்படி வதக்குவீர்கள் என்று தங்கையை எழுதச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை எனக்கு அடுப்பு கிடைக்கும்.

வண்டி ஹாரன் அடிக்கிறது, கிளம்புகிறேன். சட்டியைத் திறந்ததும் நீங்கள் முதலில் பார்ப்பது என் முகத்தைத்தானே? நேற்று நான் முகம் சுளிக்கவில்லை, அம்மா. பார்க்கத்தான் நீங்கள் இல்லை.

உங்கள் மகன்