அண்ணி வீட்டுப் பிள்ளை

மே 4, 2025
பெகூ பக்கத்து எங்கள் ஊரில் பர்மா ராணுவத்தின் குண்டு விழுந்த அன்று, உடுத்தியிருந்த துணியோடு ஓடி வந்தோம் – நான், மகள் பவானி, பவானி அப்பா. அன்றிலிருந்து பட்டணத்தில், தாமுவே பேட்டையில் அவருடைய அக்கா கனகாம்பாள் அண்ணி வீட்டில்தான் இருக்கிறோம். ஒரே அறை. அண்ணியும் அவர் வீட்டுக்காரரும் கட்டிலில், நாங்கள் தரையில். இருமுவதற்குக்கூடக் கூச்சமாக இருக்கிறது.

அண்ணிக்குப் பிள்ளை இல்லை. பவானிக்கு இப்போது தலைவாரி விடுவது அவர்தான்.

மே 9
பள்ளிக்கூடத்தில் குடும்பப் பதிவுத்தாள் கேட்டார்கள். அதில் பெயர் இல்லாத பிள்ளையைச் சேர்க்க மாட்டார்களாம். எங்கள் தாள் ஊரில், பெட்டிக்குள். வீடு நிற்கிறதோ என்னவோ.

"நான் போய் எடுத்துட்டு வந்துடறேன்" என்றார் பவானி அப்பா.

"வேணாங்க. ஒரு வருசம் படிக்காட்டி என்ன?"

"உசுரோட இருந்தாப் போதுமா, வேணி? பிள்ளை எழுத்தே தெரியாம வளரணுமா?"

சோறு கட்டிக் கொடுத்தேன்.

மே 12
போன் வந்தது. ஊருக்கு முந்தின பாலம் வரை போய்விட்டாராம். "நாளைக்கு வீட்டைப் பார்த்துடுவேன். பவானிகிட்ட சொல்லு."

மே 14
லைன் கிடைக்கவில்லை.

மே 20
அந்தப் பக்கமிருந்து தப்பி வந்த ஒருவர் சொன்னாராம்: பாலத்தடியில் ஆண்களைப் பிடித்து ராணுவ வண்டியில் ஏற்றிப் போனார்கள். இவரும் அதில் இருந்தாரா? பார்த்தவர் யாரும் இல்லை. எங்க போய்க் கேக்கறது? யாரக் கேக்கறது?

மே 25
"தப்பா நினைக்காத, வேணி" என்றார் அண்ணி. "பவானிய எங்க தாள்ல எங்க பிள்ளையா எழுதிக்கறோம். பேருக்குத்தான்."

"அவரு வந்துடுவாரு, அண்ணி."

"வரட்டும். என் தம்பி வரணும்னு எனக்கு இல்லையா? பள்ளிக்கூடம் காத்திருக்குமா?"

அண்ணி அழுதார். கெட்ட எண்ணம் இருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். பிள்ளையக் குடுத்துட்டு அப்புறம் நான் யாரு?

சரி என்றேன்.

மே 29
தாளில் பெயர் இல்லாத நான் இனி விருந்தாளியாக இங்கே தங்கக் கூடாது என்று வார்டு ஆபீசில் சொல்லிவிட்டார்கள். பட்டணத்திலேயே பபேடான் பேட்டையில் ஷப்னம் அக்கா என்பவர் வீட்டோடு தங்கிச் சமையல் வேலை கிடைத்தது. ஞாயிறு மட்டும் பவானியைப் பார்க்கலாம்.

ஜூன் 2
பள்ளி திறந்தது. ஷப்னம் அக்காவிடம் கேட்டுக்கொண்டு போனேன். பவானி சீருடையில் நின்றாள்: வெள்ளைச் சட்டை, பச்சை லுங்கி, கன்னத்தில் சந்தனம் போல அரைத்துப் பூசிய தனக்கா. அண்ணி கையைப் பிடித்திருந்தாள். என்னைக் கண்டதும் ஓடிவரப் பார்த்தாள். அண்ணி முகத்தைப் பார்த்து நின்றுவிட்டாள். சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

வாசலில் டீச்சர் என்னிடம், "நீங்க பிள்ளைக்கு என்ன வேணும்?" என்று பர்மியத்தில் கேட்டார்.

"அத்தை" என்றேன்.

பவானி ஆமாம் என்று தலையாட்டினாள்.