புங்கமரத்து ஸ்டாப்

அன்புள்ள உங்களுக்கு,

ஜெயிலிலிருந்து நீங்கள் போட்ட கார்டு வந்தது. பஸ் நிற்பதில்லை என்பதால் பாப்பாவைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தச் சொல்லியிருக்கிறீர்கள்.

நிறுத்தமாட்டேன்.

இடஒதுக்கீடு கேட்டு நடந்த புரட்டாசி மறியலில் காட்டு ரோட்டின் குறுக்கே நீங்கள் வெட்டிச் சாய்த்தது நம் ஊர் ஸ்டாப்பை. அங்கே போர்டு ஏது? அந்தப் புங்கமரத்தைப் பார்த்துத்தான் டிரைவர் பிரேக் போடுவார். நம் பிள்ளைகள் படித்து வேலைக்குப் போகவேண்டும் என்றுதானே வெட்டினீர்கள்?

தினமும் காலையில் பாப்பாவோடு அந்த அடிமரத்தின் பக்கத்தில் நின்று கை காட்டுகிறேன். பஸ் நிற்காது. அடுத்த ஸ்டாப்புக்கு மூன்று மைல் நடப்போம். ஐப்பசி மழையில் மரப்பட்டையில் காளான் முளைத்தது. கார்த்திகையில் துளிர் விட்டது. ஆடு கடித்துவிட்டது, முள் வெட்டி வந்து சுற்றிக் கட்டினேன். மார்கழிப் பனியில் மலையே தெரியவில்லை, பஸ் சத்தத்தைக் கேட்டுக் கை நீட்டினேன். இப்போது மாசி. சுற்றிலும் காடே இலை கொட்டி நிற்கிறது. இந்தத் துளிரில் ஓர் இலைகூட உதிரவில்லை. என் இடுப்பளவு வந்துவிட்டது.

நேற்று நடுரோட்டில் போய் நின்றேன். பஸ் கிறீச்சிட்டு நின்றது.

"இன்னாம்மா, குறுக்க நின்னுக்கினு! இங்க ஏது ஸ்டாப்பு?" என்று டிரைவர் கத்தினார்.

"மரந்தாங்க போச்சு. நாங்க எங்கயும் போவல. பொண்ணு ஏறட்டும்."

பாப்பா ஏறினாள்.

இன்று நான் ஓரமாகத்தான் நின்றேன். பஸ் தானாக நின்றது.

விடுதலையானதும் அதே பஸ்ஸில் வாருங்கள். இடம் தெரியாமல் திண்டாட வேண்டாம். "புங்கமரம் எறங்கு" என்று கண்டக்டரே குரல் கொடுப்பார்.

இப்படிக்கு,
மறியலை இன்னும் முடிக்காதவள்