எக்செல்லில் இல்லாத மார்கழி

டிசம்பர் 7, ஞாயிறு

சேக்காட்டில் நான் வாங்கப்போகும் ஃபிளாட்டைக் கடைசியாக ஒருமுறை பார்க்கப் போனேன். வாடகைக்கு விடத்தான் வாங்குகிறேன். குடியிருப்பவர்களைக் காலி செய்து கொடுத்தால்தான் பத்திரப்பதிவு என்று தரகரிடம் கறாராகச் சொல்லியிருந்தேன். முதல் வீடு, எல்லாம் முறையாக நடக்க வேண்டும் என்ற நினைப்பு.

உள்ளே செல்வி அக்கா பாத்திரங்களை அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். கணவருக்கு ராணுவ டாங்க் தொழிற்சாலையில் வேலை. ஆறு வருடமாக இங்கேதான் குடியிருக்கிறார்கள். நான் ஈரம் அளக்கும் கருவியைச் சுவரில் வைத்துப் பார்த்தேன்.

“தம்பி, நீங்களா குடிவரப் போறீங்க?”

“இல்லக்கா, வாடகைக்கு விடப்போறேன்.”

“அப்ப எங்கள எதுக்குக் காலி பண்ணச் சொல்றீங்க? மார்கழி பொறக்கப்போகுது. எவ வந்து பால் காய்ச்சுவா? தை வரைக்கும் பூட்டி வச்சு அழகு பாப்பீங்களா?”

வரவு செலவு போட்டுவைத்த என் எக்செல்லில் மார்கழி என்று ஒரு மாதமே இல்லை. வங்கித் தவணை மட்டும் ஜனவரியிலேயே தொடங்குகிறது.

கூட வந்திருந்த தரகர் சிரித்தார். “மிஷின வெச்சு செவுத்த கேட்டுகினு கீறியே சார், ஊட்ல கீறவங்கள ஒரு வார்த்த கேட்டியா?”

“நீங்க சொல்லியிருக்கலாமே?”

“சொன்னா, நீ காதுல வாங்குற ஆளா?”

அதே வாடகைக்கு அவர்களே இருக்கட்டும் என்று அங்கேயே முடிவானது. பெட்டியைப் பிரிப்பதற்கு முன் அக்கா ஒன்று கேட்டார்: ஒழுகும் குளியலறைக் குழாயை மாற்ற வேண்டும். அடுத்த வாரம் என்றேன். நாளைக்கு என்றார்.

காலையில் பிளம்பரைப் பிடிக்க வேண்டும். வீடு இன்னும் என் பெயருக்கே வரவில்லை.