இலக்கம் பொருந்தாத துவக்கு

2009 யூன் 9, செவ்வாய்

டென்மார்க்கில் பிராண்டே ஊரில் நான் வேலை செய்யும் ஏலக்கடைக்கு இன்று ஒரு டெனிஷ் கிழவர் தன் தகப்பனின் பழைய இராணுவத் துவக்கைக் கொண்டுவந்தார். குழலில் ஒரு இலக்கம், போல்ட்டில் வேறு இலக்கம். மரப்பிடி மூன்றாவது துவக்கினுடையது. இலக்கங்கள் பொருந்தாவிட்டால் சேகரிப்பவர்கள் பாதி விலைதான் தருவார்கள் என்றேன்.

“போர் முடியும்போது மிஞ்சியதைச் சேர்த்துப் பூட்டியது” என்றார்.

“அது விலையை ஏற்றாது” என்றேன்.

மாலையில் வவுனியா அகதி முகாமிலிருந்து தங்கச்சி போனில் கதைத்தாள்.

“என்னோட ரெண்டு பிள்ளையள் நிக்குதுகள் அண்ணை, ஒண்டுதான் என்ர. ஒரு வயசான அப்புவும் நிக்கிறார், ஆரெண்டு தெரியாது. எல்லாரும் ஒரு குடும்பமெண்டு பதிஞ்சிட்டன். பிழையோ?”

“இல்லையம்மா” என்றேன்.

தன் புருஷனைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

துவக்குக்கு விலைச்சீட்டு இன்னும் எழுதவில்லை.